கொல்லைப்புறத்து ரயில் பெட்டி

மின்விசிறி நின்றது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இறக்கைகள் இரண்டு சுற்று சும்மா சுற்றி ஓய்ந்தன. பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கரண்ட் போகவில்லை. அவர் வந்துவிட்டார்.

பெர்த்தில் ஒருக்களித்துப் படுத்திருந்த மகள் பூங்கொடி கண்ணைத் திறந்தாள். எட்டு மாத வயிறு. கழுத்தெல்லாம் வியர்வை. சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதித்தது.

“அப்பாவாம்மா?”

“நீ படு.”

பழைய மீட்டர் கேஜ் ரயில் பெட்டி அது. ஓடிய காலம் முடிந்து, துருப்பிடித்து, ஏலத்துக்கு வந்தது. அவர் எடுத்தார். டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொல்லையில் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையை வெட்டிவிட்டு, இரண்டு தண்டவாளத் துண்டுகள் மேல் நிறுத்தினார்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்திரண்டு வருடம் தச்சராக இருந்த கை. ஏழு பூச்சு பெயிண்டைச் சுரண்டித் தேக்கை வெளியே கொண்டுவந்தது. இற்றுப்போன தரைப்பலகைகளை மாற்றியது. இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சமையல் மேடை கட்டியது. கழிவறைக்குக் குழாய் இழுத்தது.

எல்லாம் ஓர் ஆளுக்கு.

ஒரு பெர்த். ஒரு நாற்காலி. சட்டை மாட்ட ஒரே ஒரு கொக்கி.

அவளோடு ஒரே கூரையின் கீழ் படுக்கக் கூடாது என்பதற்காக.

பூங்கொடி ஸ்டீபனோடு போன அன்று அவர் மகளைத் தலைமுழுகினார். அவள் முழுகவில்லை. ஒளிந்து ஒளிந்து மகளோடு போனில் பேசினாள். ஒருநாள் பிடிபட்டாள். அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார். அடுத்த மாதம் பெட்டி வந்தது. இரண்டு வருடமாகச் சோற்றைப் போட்டுத் தட்டைத் திண்டில் வைப்பாள். எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போய்விடுவார்.

வருகிற வெள்ளிக்கிழமை அதில் பால் காய்ச்சிக் குடிபோவதாக இருந்தார். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

நேற்று பூங்கொடி போன் செய்தாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டீபன் சூரத்தில் வேலையில் இருக்கிறான். வர மூன்று வாரமாகும். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

அவர் ஊரறியச் சொன்ன வார்த்தை ஒன்று இருந்தது. ‘அவ என் வீட்டு வாசலை மிதிச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்.’

சரி. வீட்டு வாசல் வேண்டாம்.

காலையில் அவர் வார்னிஷ் வாங்க டவுனுக்குக் கிளம்பியதும் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். ஆட்டோவில் வந்து இறங்கிய மகளைச் சந்து வழியாகவே கொல்லைக்குக் கூட்டிவந்தாள். படி உயரம். ஸ்டூலைப் போட்டு, பின்னாலிருந்து தாங்கி ஏற்றினாள். அவர் ஒருநாளும் படுத்திராத பெர்த்தில் பழைய புடவையை விரித்தாள்.

இப்போது அவள் பெட்டியிலிருந்து இறங்கினாள்.

வெறும் காலில் தரை சுட்டது.

பெட்டிக்குக் கரண்ட் வீட்டின் பின்சுவர் சுவிட்சிலிருந்து போனது. அதை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு கையில் வார்னிஷ் டப்பா. முகத்தில் அசைவே இல்லை.

அவர் தோளை ஒட்டிக் கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

பெட்டிக்குள் விசிறி முனகிக்கொண்டு கிளம்பியது.

அணைத்தார்.

போட்டாள்.

அணைத்தார்.

“புள்ளத்தாச்சி உள்ள வேகுறா,” என்றாள், சுவரைப் பார்த்து.

மறுபடி கையை நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருடத்தில் அவர் அவளைத் தொட்டது அதுதான். இழைப்புளி பிடித்த கை. எலும்பு வரை வலித்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் போட்டாள்.

டப்பாவை விட்டெறிந்தார். மூடி தெறித்தது. வார்னிஷ் அவள் கால்வரை வழிந்து வந்தது.

அணைத்தார்.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் மூச்சில் வெற்றிலை வாடை. இத்தனை பக்கத்தில் நின்று வெறுப்பது எளிதாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவருடைய பார்வை அவளைத் தாண்டிப் போனது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியின் மர ஷட்டர் ஒன்று அரையடி உயர்ந்திருந்தது. இடுக்கின் வழியே ஒரு கை வெளியே வந்து, காற்றைத் தேடுவது போல் தொங்கியது. விரல்கள் வீங்கியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

பிடி தளர்ந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். ஒருமுறை. இன்னொரு முறை.

“எத்தன மாசம்?”

எத்தனையோ மதியங்களில், தட்டைத் திண்டில் வைக்கும்போதெல்லாம், இந்த மாதிரி ஒரு கேள்வி வந்தால் சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. இப்போது ஒன்றைக்கூட அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

சிவந்த மணிக்கட்டைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். எட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது.

அவர் கை எழவில்லை.

அவள் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.