நகத்தளவுத் தகடு

கொதிகலனின் வலுவை அறிய அதை உடைக்க வேண்டியதில்லை. அதன் சுவரிலிருந்து நகத்தளவுத் தகடு எடுத்து, சிறிய எஃகு உருண்டையால் அழுத்தினால் போதும். தகடு குமிழாக உப்பிக் கடைசியில் வெடிக்கும். அது தாங்கிய பாரமே முழுக் கலனின் வலுவைச் சொல்லிவிடும்.

ஸ்கூடாய் நகர ஆய்வகத்தில் ரூபினி ஒரு கொதிகலனின் தகட்டை அப்படி அழுத்திக்கொண்டிருந்தாள். பாசிர் கூடாங் ஆலையில் அதே கொதிகலன் அருகே வேலையிலிருந்த கணவன் ஜீவன் போனில் அழைத்தான்.

“ரூபி, நம்ம பாய்லருக்குத் தொப்பை போடுது லா.”

அவள் இயந்திரத்தை நிறுத்தித் தகட்டை வெளியே எடுத்தாள். கைக்கு வந்த பிறகும் தகட்டின் குமிழ் வளர்ந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள்.

“இப்ப?”

“நின்னுருச்சு.”

“வெளிய வந்துருங்க.”

“ஷிப்ட் முடியட்டும் லா.”

விரலுக்கடியில் தகடு மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தது.