பிடித்திருந்தால் மட்டும்

"போட்ட நோட்டைத் திருப்பி எடுக்கிறீங்களே, வெட்கமா இல்ல உங்களுக்கு?"

ரயில் நிலையச் சுரங்கப்பாதையே அதிரும்படி ஒரு பெண் கத்தினாள். மூலைக் கடையில் பேட்டரி வாங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்தது. தன்னைத்தான் திட்டுகிறாளோ என்று ஒரு கணம் ஆடிப்போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஒரு வயலின்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் திறந்து கிடந்த பெட்டியில் கொஞ்சம் சில்லறை. பக்கத்தில் ஒரு அட்டை: "பிடித்திருந்தால் மட்டும் போடுங்கள்." அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு கண்ணாடிக்காரர். கத்தியவள் அவர் மனைவி.

மெக்கானிக் பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன வாரம் கடைத்தெருவில் ஒரு புல்லாங்குழல்காரரின் தொப்பியில் இவர் மனைவி நோட்டைப் போட, இவரும் இதே திருப்பணியைத்தான் செய்தார். அன்றிலிருந்து அந்த அம்மாள் இவரோடு பேசுவதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "அப்பா, சாப்பாடு ரெடியாம்." "அப்பா, சட்டையில பட்டன் இல்லையாம்." இன்று காலையில்கூட, "அப்பா, வேலை முடிஞ்சு வரும்போது சுரங்கப்பாதைக் கடையில பேட்டரி வாங்கணுமாம். வேற கடையில வாங்கக் கூடாதாம்."

ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகிவிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வீம்பு!

"கை கால் நல்லாத்தானே இருக்கு? போய் ஏதாவது வேலை பார்க்கச் சொல்லு!" என்று முழங்கினார் கண்ணாடிக்காரர்.

"வாசிக்கிறது வேலை இல்லையா? இவ்வளவு நேரம் நின்னு கேட்டீங்கல்ல? காதை நல்லாத் திறந்துக்கிறீங்க, கையை மட்டும் மூடிக்கிறீங்க!"

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்த்தைக்கு வார்த்தை அன்று இவர் மனைவி கேட்டது!

ரயிலை மறந்து கூட்டம் கூடிவிட்டது.

"சார் சொல்றது நியாயம்தான். இன்னிக்கு ஒருத்தருக்குக் கொடுத்தா நாளைக்குப் பத்துப் பேரு வந்து நிப்பாங்க" என்றார் ஒரு தடித்த பெரியவர்.

"நின்னா நிக்கட்டுமே! உங்க வீட்டு வாசல்லயா நிக்கிறாங்க?" என்று பாய்ந்தாள் பை நிறையக் காய்கறி வைத்திருந்த ஒருத்தி.

வயலின்காரரோ வில்லைக் கீழே வைத்துவிட்டு, யாருக்கு வந்த விருந்தோ என்று சண்டையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நோட்டு போகட்டுங்க" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. குரல் உடைந்தது. "நான் ஆசைப்பட்டுக் கொடுத்ததை நாலு பேர் முன்னாடி பிடுங்கினீங்களே. அந்த நோட்டுக்கு இருக்கிற மதிப்புகூட எனக்கு இல்லையா?"

இதை இவர் மனைவி சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வாரமாக அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது இதுதான் என்று மெக்கானிக்குக்குச் சுரீரென்று உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"வைங்க சார் அதை! முதல்ல பெட்டியில வைங்க!"

"நீ யாருய்யா? எங்க குடும்ப விஷயத்துல வந்து..."

"நானும் உங்களை மாதிரி ஒரு மடையன்தான்! போன வாரம் இதையேதான் செஞ்சேன். அன்னிலேர்ந்து என் வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்ல. தண்ணி வேணும்னாக்கூட மகள்கிட்ட மனு போட வேண்டியிருக்கு! அந்த நரகம் உங்களுக்கு வேணாம் சார். கால்லகூட விழுங்க, தப்பே இல்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மெக்கானிக் சட்டைப்பையில் இருந்த ஒரே பெரிய நோட்டை உருவிப் பெட்டியில் போட்டார்.

"இந்தாங்க! இது நான் போட்டது. செத்தாலும் திருப்பி எடுக்க மாட்டேன்!"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. காய்கறிப் பைக்காரி போட்டாள். காலேஜ் பெண்கள் போட்டார்கள். பத்துப் பேர் கணக்குச் சொன்ன பெரியவர்கூட யாரும் பார்க்காதபோது எதையோ போட்டுவிட்டு நகர்ந்தார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோட்டை மனைவியின் கையிலேயே கொடுத்தார்.

"நீயே போடும்மா. தப்பு என்னோடதுதான்."

சுரங்கப்பாதையில் கைதட்டலும் விசிலும் பறந்தன. மெக்கானிக்குக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்தச் சூட்டோடு பேசினால்தான் உண்டு என்று ஓரமாக ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டார். மனைவியே எடுத்தாள்.

"நீ பேச வேணாம், கேட்டா போதும்! உன் கையால போட்டதை நான் பிடுங்கினது மகா தப்பு. இங்க ஒரு அம்மா அழுதப்பதான் புத்தி வந்துச்சு. இப்ப நானே போட்டுட்டேன், பெரிய நோட்டு!"

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மகள் வழியாக அல்ல, அவளே பேசினாள்.

"கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரா?"

"துடைச்சாரே! உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து ஒத்திகையில அந்த இடத்தைத்தான் மறந்து மறந்து போனாரு. கதை என்னோடதுன்னாலும் உழைப்பு அந்த வீதி நாடகக்காரங்களோடது. போட்டதை எடுத்துடாம வீட்டுக்கு வாங்க."

மெக்கானிக் மெல்லத் திரும்பினார். வயலின்காரரும் கண்ணாடிக்காரரும் அந்தப் பெண்ணும் வரிசையாகக் கைகோத்து நின்று கூட்டத்துக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவருக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.