விட்டுக்கொடுத்த லாரி

வெள்ளைப் பலகையில் இவள் அணிக்கு முழு மதிப்பெண் விழுகிறது. முதுகலை வகுப்பின் பேரம் பேசும் பயிற்சி இது: இரண்டு கடைகள், ஒரே லாரி, யாருக்கு முதலில் என்று இரண்டு அணித்தலைவிகளும் பேசித் தீர்க்க வேண்டும். ஜன்னல் வெயில் மேஜைமேல் நிற்கும் பொம்மை லாரியின் ஒரு பக்கத்தை மட்டும் மினுக்குகிறது. "குரலே ஒசத்தாம முடிச்சிட்டாங்க, பாருங்க," என்கிறார் பேராசிரியர். எதிரணித் தலைவி, வகுப்பே சித்தெறும்பு என்று கூப்பிடும் பொடிப்பெண், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுகிறாள். அவள் காதில்தான் இவள் கிசுகிசுத்திருந்தாள்: "அப்பா ஆஸ்பத்திரில இருக்காருடி. இந்த மார்க்காவது வரட்டும்." மறுபேச்சில்லாமல் லாரியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள் சித்தெறும்பு. அவளுடைய அணிக்காரர்கள் இன்னும் அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் சிரிக்கப் பார்க்கிறாள், உதடு ஒத்துழைக்கவில்லை. லாரிக்குப் பக்கத்தில் இவளுடைய கைபேசி அதிர்கிறது. ஜலதோஷத்துக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத அப்பா, திரையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். கையால் மூடுவதற்குள் சித்தெறும்பு எட்டிப் பார்த்துவிடுகிறாள். கைபேசியை மெல்ல இவள் பக்கம் நகர்த்துகிறாள். "எடுத்துப் பேசுடி, சார் ஒண்ணும் சொல்லமாட்டார். சாயங்காலம் நானும் வரேன். சாப்பிட என்ன குடுக்கலாம்னு கேட்டு வையி."