தேவதாருச் சீவல்

ராயபுரத்து வீட்டில் மத்தியான வெயில் கள்ளிப்பெட்டியின் மேல் விழுகிறது. உள்ளே சினைக் கினிப்பன்றி விடாமல் தும்முகிறது, கண் கசிகிறது. துறைமுகத்திலிருந்து கணவன் அம்புரோஸ் அள்ளி வந்த தேவதாரு மரச் சீவலை டோரதி முறத்தில் வாரி வெளியே கொட்டுகிறாள். "வாசனையா கீதுன்னுதான் போட்டேன்" என்கிறான் அவன். "உன் மூக்குக்கு வாசனை. நேத்து தேங்கா நாரு, அது கால்ல சுத்திக்கிச்சு. குட்டி போடறதுக்குள்ள நீயே கொன்னுடுவே." அவன் பஞ்சுக்காகத் தலையணையைக் கிழிக்கப் போகிறான். பிடுங்குகிறாள். "பஞ்சைத் தின்னா வவுறு அடைச்சிக்கும்யா. ஜட்காக்காரன்கிட்ட காஞ்ச புல்லு கேளு, போ." அவன் ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து வருகிறான். கினிப்பன்றி புல்லுக்குள் புகுந்து, மூக்கை மட்டும் நீட்டிக் கொறிக்கிறது. "முன்னாடியே சொல்லக்கூடாதா?" "நீ கேட்டியா?" என்கிறாள் டோரதி, அவன் முடியில் சிக்கிய துரும்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியபடி.