கடைசி இடத்துப் பாலம்

மகளுடைய ஸ்கூட்டர் இன்றைக்கும் அந்த ஆளின் வீட்டு வாசலில்தான் நின்றது. ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. எதிர்ச்சாரியில் காரை நிறுத்திய பேராசிரியருக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் யாரையாவது காதலித்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது. அந்த வீட்டுக்காரர் பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பவர். கல்லூரியில் பேராசிரியருக்குப் பக்கத்து அறை. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிரிப்பு சார்.

பாலம், அணை, குடிநீர்க் குழாய் இதெல்லாம் வெள்ளம், பூகம்பம் என்று வந்தால் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இரண்டு பேருக்கும் வேலை. ஊரிலுள்ள பாலங்களில் எது முதலில் ஆட்டம் காணும், எது கடைசிவரை நிற்கும் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தவர் பேராசிரியர். அந்த வரிசைப்படிதான் நகராட்சி இன்றைக்கும் பழுது பார்க்கிறது.

அப்படியிருந்தும், கல்லூரியில் பேரிடர் ஆய்வு மையம் திறந்தபோது தலைவர் நாற்காலி சிரிப்பு சாருக்குப் போனது. பேராசிரியருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் அவர். பேராசிரியர் அந்த நாற்காலிக்கென்று புதுச் சட்டையே தைத்து வைத்திருந்தார். அது பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தன் வகுப்பில் கொட்டாவி விடும் பையன்கள் பக்கத்து அறையில் விழுந்து விழுந்து சிரிப்பதை, சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பெற்ற பெண்ணே சாயங்காலமானால் அந்த வீட்டுக்கு ஓடுவதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

அவளும் அதே துறையில் ஆராய்ச்சி மாணவி. சொந்தப் பெண்ணுக்கு அப்பா வழிகாட்டியாக இருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. அதனால் அவரே பார்த்துப் பார்த்து ஒரு மேடத்திடம் சேர்த்துவிட்டார். சந்தேகம் என்றால் வீட்டில் நாம் எதற்கு இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்கத்தான் செய்தாள். ஆற்றுப் பாலத்துக்குக் கணக்குப் போட்டபோது தூணடியில் மணல் எவ்வளவு ஆழம் இருந்தது என்று. சிரிப்பு சாரை ஏதோ வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்கும் செய்தி பேராசிரியர் காதில் விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"போய் உங்க சிரிப்பு சார்கிட்டயே கேளு," என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவள் நிஜமாகவே போய்விட்டாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள்.

பெண்ணைக் கூப்பிட்டு வைத்து என்ன ஏதென்று விசாரிக்கச் சொல்லி மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். விசாரிக்க என்ன இருக்கிறது, மையத்தில் வேலை தருகிறேன் என்று ஆசை காட்டியிருப்பான் என்று அவர் வாயை அடைத்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது; மகளோடும் நின்றது.

இன்றைக்கு டீ நேரத்தில் சக ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உங்கள் பெண்ணும் சிரிப்பு சாரும் சேர்ந்து ஏதோ பெரிய கட்டுரை எழுதுகிறார்கள் போலிருக்கிறதே என்றார். பேராசிரியர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அந்த வேகத்தில்தான் காரை இங்கே விட்டார்.

கதவைத் திறந்த சிரிப்பு சாரின் மனைவி வாய் நிறைய வாங்க என்றாள். பேராசிரியர் தலையைக்கூட ஆட்டாமல் நேரே உள்ளறைக்குப் போனார்.

சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. மகள் மார்க்கரோடு அதன் முன் நின்றாள். சிரிப்பு சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பலகை நிறைய இருந்தது பேராசிரியரின் கணக்கு. அவருக்குப் பேரும் பதவியும் வாங்கிக் கொடுத்த அதே கணக்கு, அடித்தும் திருத்தியும் மறுபடி அடித்தும்.

"என்னைப் பிரிச்சு மேயத்தான் தினம் இங்க வர்றியா?" என்றார். மகளுக்குக் கண் நிறைந்தது.

சிரிப்பு சார்தான் எழுந்து, சிரிக்காமல், மெதுவாகச் சொன்னார். வரிசையில் கடைசி இடம் ஆற்றுப் பாலத்துக்கு. அதாவது, பயமே வேண்டாம் என்று பேராசிரியர் சொன்ன பாலம். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது பாலம் கட்டிய காலத்து மணல் ஆழம். அதற்கப்புறம் மணலை அள்ளி அள்ளி ஆறே கீழே இறங்கிவிட்டது. இப்போது கணுக்கால் தண்ணீர், ஒன்றும் ஆகாது. மழைக்காலத்து வெள்ளத்துக்குத் தூண் நிற்காது.

பேராசிரியர் மறுக்க வாயெடுத்தார். கண் பலகையின் நடுவில் ஒரு வரியில் போய் நின்றது. அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே நின்றபடி நகராட்சிப் பொறியாளருக்குப் போன் போட்டார். "ஆத்துப் பாலத்தை முதல் இடத்துக்குக் கொண்டு வாங்க. மழைக்கு முன்னால மூடியாகணும். கணக்கு தப்பு... ஆமா, என் கணக்குதான்."

போனை வைத்ததும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். சிரிப்பு சாரின் மனைவி கொண்டுவந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். வயிற்றெரிச்சல் மட்டும் அப்போதும் அடங்கவில்லை.

இத்தனை நாளும் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு என் தப்பைத் தோண்டி எடுத்துவிட்டீர்கள், இப்போது திருப்திதானே என்று கேட்டார். சிரிப்பு சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் மார்க்கரை மூடினாள்.

"தப்பு முதல் நாளே தெரிஞ்சுபோச்சுப்பா. இத்தனை நாளா, உங்க கணக்கு சரின்னு காட்ட ஒரு வழி கிடைக்காதான்னு தேடினது சார்தான்."