எடுக்காத போன்

தலையில் கட்டிய துண்டோடு சிவசங்கரன் அந்தத் திருப்பதி கல்லூரி அலுவலகத்தில் நின்றார். பக்கத்தில் மகள் ரூபா.

"ஸ்காலர்ஷிப் டெஸ்ட்ல உங்க பொண்ணு தொண்ணூத்தி நாலு. தொண்ணூறு வாங்கினாலே மூணு வருஷமும் ஃபீஸ் கிடையாது," என்றாள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள்.

"அதுக்குத்தான் மேடம் ஓடியாறோம்."

"நேத்து காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் போன் பண்ணோம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஸ்விட்ச் ஆஃப்! இருந்த கடைசி ஃப்ரீ சீட்டை அடுத்த மார்க் பொண்ணுக்குக் குடுத்தாச்சு."

"நகரியில தறி ஓட்டறவன் மேடம். ஃபீஸ் கட்டிப் படிக்கவெக்க என்னால ஆவாது."

அவருடைய சிவந்த கண்களையே அவள் பார்த்தாள். "பொண்ணு படிப்பு முடிவாகற நாள்ல போனை அணைச்சுட்டு எங்க கெடந்தீங்க? குடியா?"

ரூபா அப்பாவின் தலைத்துண்டை மெல்ல அவிழ்த்தாள். மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"எனக்கு தொண்ணூறு வந்தா மொட்டை போடறேன்னு நைனா வேண்டிக்கினு இருந்தாரு மேடம். முந்தாநேத்து மார்க் வந்ததும் மலைக்குக் கெளம்பிட்டோம். செல்லை வாங்கி வெச்சுக்கினுதானே உள்ள வுடறாங்க? நேத்து பூரா கியூவுலதான் இருந்தோம்."



சிவசங்கரன் பையிலிருந்து ஒரு லட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சீட்டு குடுக்கறவங்களுக்குன்னு நேத்தே வாங்கினது மேடம். எடுத்துக்கோங்க."