உப்புக்கல்லுக்குள்ளே

ஆராய்ச்சிக்கூடத்துப் பெரிய நுண்ணோக்கியில் பொதுமக்கள் பார்க்க, ஒரு ரேஷன் கார்டுக்கு வருடத்தில் ஒரு முறைதான் அனுமதி. அண்ணன் தம்பி சண்டையில் வீடு இரண்டாகியும் கார்டு இன்னும் பிரியவில்லை. அதனால் மூத்த மருமகள் ஜெசிந்தாவும் இளையவள் ரெக்ஸ்லினும் முகம் கொடுத்துப் பேசாமலேயே தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பொருளைத்தான் வைக்கலாம் என்றார்கள். ரெக்ஸ்லின் மீன் செதில் கொண்டுவந்திருந்தாள். ஜெசிந்தா முந்திக்கொண்டு, தான் வேலை பார்க்கும் உப்பளத்துக் கல் ஒன்றை நீட்டினாள். ரெக்ஸ்லின் கண்கலங்கிச் சுவரோரம் ஒதுங்கினாள்.

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கல்லுக்குள் ஒரு துளித் தண்ணீர் அடைபட்டிருந்தது. அதில் இளஞ்சிவப்பாக ஏதோ நெளிந்தது.

"ஏளா ரெக்ஸி, ஓடியா! உப்புக்குள்ள உசிரு ஓடுது!"

வீடு பிரிந்தபின் அவள் இளையவளிடம் பேசிய முதல் பேச்சு அது. ஓடிவந்து குனிந்த ரெக்ஸ்லின் வெகுநேரம் நிமிரவே இல்லை.

"இதையாக்கா நாம கொழம்புல போடுதோம்?"

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"கண்ணீரும் உப்புதானக்கா? அதுக்குள்ள என்ன இருக்கும்?"

ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வருசம் பாத்துருவோம்ளா. ஆனா வெங்காயம் உரிச்சுத்தான் வரவழைக்கணும், சண்ட போட்டு இல்ல."